நெடி அடிக்குதா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நாங்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையின் சமையலறைச் சுவரில் ஒரு மிஷின் இருக்கிறது. குழாயைத் திறந்தால், வேகமாக ஓடும் தண்ணீரே கேனிலிருந்து தரை கழுவும் கெமிக்கலை வேண்டிய அளவு உறிஞ்சிக் கலந்து வாளியில் விடும். மின்சாரம் வேண்டாம், கையும் படாது. அதைச் சரிபார்க்க உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர், தேய்த்த நீலச் சட்டை, மீசை முழுக்க நரை. அளவைக் கட்டுப்படுத்தும் சிறு முனையைக் கழற்றிக் கழுவி மாட்டியதும், பக்கத்தில் யார் நின்றாலும், "நெடி ஏதும் அடிக்குதா?" என்று கேட்பார்.

ஒருநாள், "நீங்களே மோந்து பார்க்கலாமே அண்ணே?" என்றேன்.

"எனக்கு வாசனையே தெரியாதும்மா. முன்ன ஹோட்டல்ல வேலை பார்த்தப்ப கையாலதான் கலப்போம். வாளியில ஆசிட் மிச்சம் இருந்திருக்கு. பார்க்காம பிளீச்ச ஊத்திட்டேன். புகை அப்படியே மூக்குல ஏறிடுச்சு."

சாப்பாடுகூட ருசிக்காதே என்று வருத்தப்பட்டேன்.

"அது பழகிடுச்சு லா," என்றார். "வீட்டுக்காரி போன வருஷம் தவறிட்டா. கடைசியா கட்டின சேலைய துவைக்காம வச்சிருக்கேன். அவ வாசனை இன்னும் இருக்கான்னு மககிட்ட கேட்பேன். இருக்குப்பான்னு சொல்வா."

பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

ஒரு சேலையில் வாசனை எத்தனை நாள் நிற்கும்? அந்த மகளை நான் பார்த்ததில்லை. சேலையை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துத்தான் சொல்கிறாளா, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாளா என்று இன்னும் யோசிக்கிறேன்.