மூன்று முறை கழுவிய தட்டு

கல்லூரி கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதில் சினிமா வகுப்பில் சேரவேண்டும் என்று தோன்றிவிட்டது. அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டால் அவ்வளவுதான், யாராலும் அசைக்க முடியாது.

"பாத்திரம் கழுவுறவளுக்குப் படம் பார்க்க ஒரு படிப்பா?" என்று நாத்தனார் முகவாயில் கைவைத்தாள்.

"நான்தானே படிக்கிறேன், உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்று கேட்டுவிட்டு அக்கா போய்ச் சேர்ந்தாள்.

வாரம் ஒரு படம். பார்த்ததும் மனசில் பட்டதை ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். முதல் இரண்டு வாரமும் வாத்தியார் சொன்னதையே முத்து முத்தாக எழுதிக் கொடுத்தாள். இரண்டும் திரும்பி வந்தன.

"இதெல்லாம் என் பேச்சும்மா. உங்களுக்கு என்ன தோணுச்சு? மூணாவதும் இப்படியே வந்தா வகுப்புல வச்சுக்க முடியாது."

அக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் விடுகிற ஆளா அவள்?

மூன்றாவது படத்தில், கணவனைப் புதைத்துவிட்டு வீடு திரும்பியவள் ஒரே தட்டை மூன்று முறை கழுவுகிறாள். வகுப்பே உச்சுக்கொட்டியது. அக்காவுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்து எழுதித் தள்ளினாள்: 'இந்த நடிகை ஒரு நாளும் பாத்திரம் தேய்த்ததில்லை. கழுவின தட்டை யாராவது திரும்பத் தொட்டியில் போடுவார்களா? மதியத்துக்குள் நான் முந்நூறு தட்டு கழுவுகிறேன். என்னிடம் வேலைக்கு வந்தால் இந்தம்மாவை அரை மணியில் அனுப்பிவிடுவேன்.'

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். "இதைத்தாம்மா கேட்டேன்!" என்று சிவப்பு மையில் 'பாஸ்' போட்டார். அடுத்த வகுப்பில் அதை உரக்கப் படித்து, அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் பெருமையாகச் சிரித்தாள்.

மூன்றாம் முறை தட்டு தொட்டிக்குள் போனபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. திரையில் இருந்தவள் தட்டைப் பார்க்கவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அக்காவின் கணவன் இறந்த அன்று, அவனுடைய டிபன் பாக்ஸை வேலை செய்த இடத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. அதை அவள் கழுவினாள், திரும்பத் திரும்பக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டால் நாளைக்கு அதில் யாருக்குக் கட்டுவது?

அக்கா எழுந்தாள். "சார், அந்தப் பேப்பரைக் கொடுங்க."

"ஏம்மா, பாஸ் போட்டாச்சே?"

"தப்பா எழுதிட்டேன். பாஸை அடிச்சிடுங்க."

"அடிச்சா மூணாவதும் போச்சு. மணி அடிக்கிறதுக்குள்ள வேற எழுதித் தரணும், இன்னும் இருபது நிமிஷம்தான்."

"தர்றேன்."

"கிடைச்சதை ஏன்க்கா கெடுத்துக்கறீங்க?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நீ சும்மா இரு, தங்கம்."

அக்கா உட்கார்ந்தாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். மணி அடிக்கும்போது தாள் வாத்தியார் கையில் இருந்தது. அவர் நின்றபடியே படித்தார், 'பாஸ்' போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதை வகுப்புக்குப் படித்துக் காட்டவில்லை. நான்கே வரிதான்:

'அவளுக்குக் கழுவத் தெரியும். நிறுத்தத்தான் தெரியவில்லை. என் கையிலிருந்து டப்பாவை வாங்கிவைத்து மாமியார் குழாயை மூடினார். படத்தில் அவளுக்குக் குழாயை மூட யாருமே வரவில்லை.'