குடுபல்லி ஆணியில் ஒரு சட்டை

ஒரு காலை முழுக்க நான் நம்பியது இதைத்தான்: நான் உள்ளே நுழைந்த நிமிடத்திலேயே என் சட்டை ஒரு கொட்டாய் நிறைய இருந்த பட்டுப்புழுக்களைக் கொன்றுவிட்டது. சட்டை எப்படிக் கொல்லும் என்று கேட்காதீர்கள். பூஞ்சைகளை ஆராய்ந்தே தலை நரைத்தவன் நான். எந்தப் பூஞ்சையும் நிமிடத்தில் கொல்லாது, அதற்குச் சில நாள் வேண்டும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன். அன்று எனக்கு அந்தப் பாடத்தை நடத்த ஆளில்லாமல் போய்விட்டது.

கோவில்பட்டிப் பக்கம் பிறந்து திருப்பதியில் குடியேறியவன் நான். கடல் கடந்தவர்கள் தங்கள் கதையை எழுதுகிற இடத்தில் ரயிலேறி வந்தவன் எழுதலாமா என்று கூச்சம்தான். ஆனால் கடல் கடந்தவனுக்குத் தான் அந்நிய மண்ணில் இருப்பது இறங்கியதுமே தெரிந்துவிடும். எனக்குத் தவணை முறையில்தான் தெரிந்தது. சித்தூர் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல், யாரையாவது கேட்டு ஏறி உட்கார்ந்தால், முன்னால் பாதித் தலைகள் மொட்டை. கூட வேலை பார்க்கிறவர் வேண்டுதலை முடித்துவிட்டு ஆய்வகத்தில் வந்து நிற்க, “யார் சார் வேணும்?” என்று நானே கேட்டிருக்கிறேன். ஊரிலிருந்து பேசுகிற யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. “பூசணத்துக்கும் கோயிலுக்கும் என்னடே சம்பந்தம்? அதெல்லாம் கெடக்கட்டும், தரிசனத்துக்கு ஒரு டிக்கெட் பாத்து வை” என்பார் சித்தப்பா.

அப்பா கடலைமிட்டாய்ப் பட்டறை வைத்திருந்தார். மழைக்காலத்தில் ஒரு மூட்டைக் கடலை பச்சையாகப் பூசணம் பூத்துவிட்டால் அன்று வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்துவிட்டு அதே பூசணத்தைக் கண்ணாடித் தட்டில் ஊட்டி வளர்க்கிற வேலைக்கு வந்தேன். சித்தூர் மாவட்டத்து மண்ணிலிருந்து எடுத்துப் பழக்கிய பவேரியா என்ற வெள்ளைப் பூஞ்சைதான் என் ஆராய்ச்சி வாழ்க்கையின் ஒரே பிள்ளை. பூச்சியின் மேல் ஒட்டும், தோலைத் துளைக்கும், உள்ளே பரவும். சில நாளில் பூச்சி வெள்ளைப் பொம்மையாகிவிடும். தக்காளியில் வெள்ளை ஈயை விஷ மருந்தில்லாமல் ஒழிக்கலாம். பிள்ளைக்கு ஒரே ஒரு கெட்ட குணம்: பட்டுப்புழுவும் அதற்குப் பூச்சிதான். பட்டுக்காரர்கள் அந்தச் சாவைச் சுண்ணக்கட்டு என்பார்கள். புழு விறைத்து, வெளுத்து, சுண்ணாம்புக் கட்டி போலக் கிடக்கும்.

தெரிந்துகொண்டே பட்டுக்காரர் வீட்டருகில் தெளித்தாயா என்று நீங்கள் கேட்கலாம். குப்பம் ஊருக்குப் பக்கத்தில் குடுபல்லியில் ஏழுமலையின் தோட்டத்தைச் சோதனைக்குப் பேசி முடித்தபோது அங்கே தக்காளி மட்டும்தான் இருந்தது. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தமிழ்க் குடும்பம், இப்போதுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். நடுவில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாய் எழும்பியிருந்தது எனக்குத் தெரியாது. எனக்குச் செடி கொடி தெரியாது. அதன்மேல் பூப்பதைத்தான் தெரியும்.

அன்று காலை காற்று என் பக்கமே அடித்தது. தக்காளிக்குக் கரைத்த பொடி பாதி என் சட்டையில்தான் இறங்கியது. வெயில் தாங்காமல், தக்காளிக் கூடை போட்டுவைக்கிற இடம் என்று நினைத்து அந்தக் கொட்டாய்க்குள் புகுந்தேன். வாசலில் பிளீச்சிங் தண்ணீரில் நனைந்த சாக்கு ஒன்று கிடந்தது. காலுறை நனைந்துவிடுமே என்று அதைக் கவனமாகத் தாண்டி, கொசுவலைத் திரையை விலக்கினேன்.

அடுக்கடுக்காகப் பட்டுப்புழுக்கள். ஒன்றும் அசையவில்லை. எல்லாம் தலையைத் தூக்கியபடி விறைத்து, வெள்ளையாக நின்றன.

“ஐயையோ! எல்லாம் செத்துப்போச்சே!”

அலறியது நான்தான். ஏழுமலையின் மனைவி தேவகி ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

“பூச்சிக் கொட்டாய்ல நின்னுக்கினு சாவுப் பேச்சு பேசறியே சார்! படிச்சவன்தான நீ?”

இந்த ஊரில் ‘சார்’ என்று அழைத்துக்கொண்டே ‘நீ’ போடுவார்கள். வழக்கமாக அது என்னைச் சிரிக்கவைக்கும். அன்று சிரிப்பு வரவில்லை.

“தாயி, என் சட்டையில பூசணம் இருக்கு தாயி. அதான்…”

“சட்டையில இல்ல, உன் வாயிலதான் கீது பூசணம்!”

கை கழுவிக்கொண்டே வந்த ஏழுமலை, “இன்னாம்மே ஆச்சு?” என்றார்.

“உன் சாரு உள்ள பூந்து பூச்சிங்களுக்குக் கருமாதி பண்ட்டு வந்துகீறாரு.”

புழு இருக்கிற கொட்டாயில் சாவு என்ற சொல்லே வரக்கூடாதாம். வந்தால் பலித்துவிடுமாம். அவள் என் வாய்க்குப் பயந்தாள், நான் என் சட்டைக்குப் பயந்தேன். ஒருவர் பயம் இன்னொருவருக்குப் புரியவே இல்லை.

“தோலு உரிக்கறதுக்குத் தூங்கினு கீது சார். காலையிலதான் சுண்ணாம்பு தூவுனேன். சாய்ந்தரம் ஏந்து எல துன்னும்” என்றவள், குரலை இறக்கினாள். “துன்னாமப் போச்சுன்னு வையி, எம் பொண்ணு நர்சிங் சேர்றது அவ்ளோதான். அப்புறம் உன்ன சும்மா வுட மாட்டேன்.”

நான் நம்பவில்லை. செத்த நாய்க்குட்டியைக் காட்டி அழுகிற குழந்தையிடம் பெரியவர்கள் சொல்வதும் அதுதானே, தூங்குது என்று?

ஜீப் நிழலில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் நாகராஜு தெலுங்குக்காரர். என்ன நடந்தாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: “ஏம் காது சார்.” ஒன்றும் ஆகாது. அதைக் கேட்டதும்தான் என் பாடம் எனக்கே நினைவுக்கு வந்தது. பூஞ்சைக்குச் சில நாள் வேண்டும்! இன்று நுழைந்தவன் இன்றே எப்படிக் கொல்ல முடியும்? எழுந்து ஒரு குவளைத் தண்ணீர் குடித்தேன். பாதியில் புரையேறியது. போன வாரமும் தெளிக்க வந்திருந்தேன். முகம் கழுவும்போது, பொடி படிந்த இதே சட்டையைக் கழற்றிக் கிணற்றோரம் ஒரு செடியில் தொங்கவிட்டிருந்தேன். இப்போது தேவகி புழுக்களுக்காக மல்பெரி இலை வெட்டிக்கொண்டிருந்தது அந்தச் செடியில்தான்.

மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “துன்னு சார், நீயும் பூச்சி மாரியே ஒக்காந்துகினு கீற” என்றார் ஏழுமலை.

வெயில் சாய்ந்ததும் தேவகி இலையைப் பரப்பிவிட்டு வந்தாள். வாசலிலேயே நின்றோம். சத்தமே இல்லை. எனக்குக் கோவில்பட்டிக்கு எந்த ரயில் கிடைக்கும் என்று யோசனை ஓடியது. பிறகு உள்ளே ஒரு மூலையில் நறுக்கென்று ஏதோ கேட்டது. இன்னொரு மூலையில் கேட்டது. பிறகு பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பளத்தை நொறுக்குவது போலக் கொட்டாய் முழுக்க. தேவகி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உப்பும் மிளகாயும் எடுத்துக் கொட்டாயைச் சுற்றிவந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, “துப்பு” என்றாள். விஞ்ஞானி மூன்று முறை துப்பினான்.

கதையை இங்கே முடித்திருந்தால் எனக்கும் பெருமையாக இருந்திருக்கும். திருப்பதிக்கு வந்ததும் அந்தச் சட்டைப்பையை வெட்டி, பூஞ்சை வளர்க்கும் தட்டில் வைத்தேன். சில நாளில் வெள்ளையாகப் பூத்தது. பிள்ளை நல்ல ஆரோக்கியம். வாழ்க்கையில் முதல்முறையாக, வளர்ந்த பூஞ்சையைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் தட்டை மூடிவைத்தேன். குடுபல்லிக்குப் பேசினேன்.

“சார், நீ ஃபோன் பண்ணாலே அவ பயப்படறா” என்றார் ஏழுமலை. விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஃபோன் தேவகியிடம் போயிருந்தது.

“வாயத் தொறக்காதன்னு அன்னிக்கே சொன்னேன்” என்றாள். பிறகு, “சரி, சொல்லு. இப்ப இன்னா பண்ணணும்?”

புழுப் படுக்கைக்குப் போடுகிற மருந்துச் சுண்ணாம்பை இன்னொரு தடவை தூவச் சொன்னேன். கிணற்றோரத்துச் செடியின் இலையைத் தொட வேண்டாம் என்றேன். விறைத்த புழு தென்பட்டால் ஒன்றிரண்டை எனக்கு எடுத்துவைத்துவிட்டு மற்றதை எரிக்கச் சொன்னேன். ஏழுமலை தோட்டத்தில் தெளிப்பதை அன்றே நிறுத்தினேன். அந்தப் பருவத்து ஆராய்ச்சி அதோடு போயிற்று. இப்போது என் பிள்ளை நாராயணவனம் பக்கம், மல்பெரி இல்லாத ஊரில், ஒரு கத்தரித் தோட்டத்தில் வேலை பார்க்கிறது.

குடுபல்லிக்கு இன்றும் போகிறேன். கொட்டாய் வாசலில் எனக்கென்று ஒரு சட்டை ஆணியில் தொங்குகிறது. ஏழுமலையின் பழைய சட்டை, தேவகி துவைத்துப் போட்டது. சாக்கை மிதித்துக் காலை நனைத்து, அதை மாட்டிக்கொண்டால்தான் உள்ளே விடுவாள். தோளில் இறுக்கும். கோவில்பட்டி அலமாரியில் அம்மா மடித்துவைத்த சட்டை வயிற்றில் இறுக்குகிறது. திருப்பதி ஆய்வகத்து வெள்ளை அங்கி தொளதொளவென்று தொங்குகிறது. எனக்கு அளவான சட்டை எந்த ஊரிலும் இல்லை.

நடந்தது இதுதான். அன்று நான் பார்த்த புழுக்கள் தூங்கிக்கொண்டுதான் இருந்தன. அடுத்த வாரம் ஒரு கைப்பிடிப் புழு வெளுத்து விறைத்தது. மற்றவை கூடு கட்டின. தேவகியின் மகள் நர்சிங் சேர்ந்தாள். விறைத்த புழுக்களைத் திருப்பதிக்கு எடுத்துவந்து பரிசோதித்தேன். அவற்றில் பூத்திருந்தது என் பவேரியாதான்.