சம்பல் ஆற்று முட்டைகள்

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் தங்கியிருந்த வெளிநாட்டுப் புறநகரான கிளேட்டனில் குளிரில் உடம்பு விறைத்துக்கொண்டிருக்க, என் மனம் வட இந்தியாவில், சம்பல் ஆற்று மணல்திட்டில் வெந்துகொண்டிருந்தது. ஆராய்ச்சிக்காக அங்கே போனபோது நான் தினமும் பார்த்த கரியால் முதலை ஒன்று, முட்டையிட்ட பிறகு மீன்வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்துப்போயிருந்தது. மீனைத் தவிர வேறு எதையும் சீண்டாத பிராணி. மீன் பிடிக்க வாய்த்த நீள மூக்கே அதற்கு எமனாகிவிட்டது. சுற்றியிருந்த திட்டுகளை மணல் லாரிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. அந்தப் பக்கத்தில் மிஞ்சியது இதன் முட்டைக்குழி ஒன்றுதான்.

குஞ்சுகள் முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்கும். தாய் அதைக் கேட்டு மணலைத் தோண்டி வெளியே விடும். இப்போது தாய் இல்லை. முந்தித் தோண்டினாலும் சாவு, பிந்தினாலும் சாவு. சத்தம் கேட்டதும் கூப்பிடுங்கள் என்று ஆற்றங்கரைக் காவலரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கார அன்ரியை த பேசின் என்னும் ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்துக்காரர்; ஆன்ட்டி அவர் வாயில் அன்ரி. கைப்பேசியை அவர் மடியில் போட்டு, மணி அடிக்கிறதா என்று வழியெல்லாம் நச்சரித்தேன்.

“ஆரின்ர போனுக்குப் பிள்ளை இந்தப் பாடு?”

“சம்பல்ல முட்டை பொரிக்கணும் அன்ரி. அதான்.”

“கோயிலுக்குப் போகேக்க முட்டைப் பொரியலும் சம்பலுமோ? நல்ல பிள்ளை!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பல் என்றால் உங்கள் தேங்காய்த் துவையல் இல்லை, ஆறு; பொரிப்பது என்றால் குஞ்சு பொரிப்பது என்று எரிந்து விழுந்தேன். பிறகு முழுக் கதையையும் சொன்னேன்.

கோயில் வாசலில் காரை நிறுத்தியதும் கைப்பேசி மணி அடித்தது. ஏதோ கேட்கிறது, காற்றா குஞ்சா தெரியவில்லை என்று காவலர் இந்தியில் சொல்லி, தன் கைப்பேசியை மணலில் வைத்தார். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். என் கணக்குப்படி இன்னும் ஒரு வாரம் இருந்தது. தோண்டச் சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

அன்ரி கைப்பேசியைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

“கூப்பிடுதுகள் பிள்ளை. கிண்டச் சொல்லும்!”

எங்கள் ஊரில் உப்புமாவைத்தான் கிண்டுவோம். நான் விழித்தேன்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? தாய் வராது. கையால மண்ணைக் கிண்டச் சொல்லும்!”

வாங்கிக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில், தொண்டை கட்டிய வாத்துக்குஞ்சு மாதிரி ஒரு குரல். பிறகு இன்னொன்று. இந்தியில் கத்தினேன். மணலைத் தோண்டும் சத்தம். பிறகு காவலரின் சிரிப்பு: ஒன்று வெளியே வந்துவிட்டது, விரலைக் கடிக்கிறது.

அன்ரிக்குச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தாயைக் கொன்ற வலை இன்னும் ஆத்துக்குள்ளதான் கிடக்கோ?”

“ஆமா அன்ரி.”

“அப்ப போனை வையாதையும்,” என்றார். “அதையும் எடுக்கச் சொல்லும்.”