‘லாபம்’ என்று தொடங்கிய எண்ணிக்கை

1. பூஜ்யம்

பாக்ஸிங் மேடையில் நீல மூலைக்காரர் விழுந்தபோது மூன்றாவது சுற்றில் ஒரு நிமிடம் நாற்பத்தொரு நொடி ஆகியிருந்தது. விழுந்த இடம் டைம்கீப்பர்களான எங்கள் மேசையிலிருந்து நான்கு அடி. வாயிலிருந்த பல் காப்பு தெறித்துக் கயிற்றுக்கு வெளியே வந்து விழுந்தது. நான் மேசையைத் தட்டி நொடிகளை எண்ணினேன். நடுவர் என் தட்டலைக் கேட்டு விரல் நீட்டி எண்ணினார். அவர் ‘டென்’ என்று சொன்னபோது நீல மூலைக்காரரின் ஒரு முழங்கால் இன்னும் தரையில் இருந்தது. ஆட்டம் முடிந்தது.

அதன் பிறகுதான் என் இடது கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். அதில் பூஜ்யம் இருந்தது. நான் அதை அழுத்தவே இல்லை.

2. நாங்கள் இரண்டு பேர்

நான் இரணியல் பக்கத்துப் பள்ளியொன்றில் முப்பத்தொரு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். பாக்ஸிங்கில் ஒரு குத்துகூட விட்டதில்லை. மாவட்டப் போட்டிகளில் டைம்கீப்பர் கிடைக்காத ஒரு நாளில் உட்காரவைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை. பல நாடுகள் கலந்துகொண்ட விளையாட்டு விழா ஒன்று நம் நாட்டில் நடந்தபோது ஆண்கள் பாக்ஸிங்குக்கு உள்நாட்டு டைம்கீப்பர்கள் தேவைப்பட்டார்கள். என்னையும் முட்டத்துச் சேவியரையும் கூப்பிட்டார்கள்.

சேவியர் கடற்கரைக்காரர். ராணுவத்தில் பாக்ஸிங் செய்தவர். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்தது. மாவட்டப் போட்டிகளிலிருந்தே நாங்கள் ஜோடி. சுற்றுக் கடிகாரமும் மணியும் அவருக்கு. கீழே விழுந்தவரை எண்ணுவது எனக்கு. மூன்று ஸ்டாப்வாட்ச், எட்டு பேட்டரி, ஒரு வாரத்துப் பிரஷர் மாத்திரையோடு இரண்டு நாள் மாத்திரை கூடுதலாக வைத்துக்கொண்டு போனேன். சேவியர் ஒரு பை நிறையக் கருவாட்டுப் பொடி கொண்டுவந்தார்.

“இது என்னத்துக்கு ஓய்?” என்று கேட்டேன்.

“ஒம்பது நாளு இங்க சப்பாத்தியைப் பாத்துட்டு இருக்கணும்லா சாரே. நீரு எண்ணும், நான் திங்கேன்.”

3. எங்கள் வீட்டில் ஒன்று கிடையாது

எண்ணுவதில் எனக்கு ஒரு பழைய கோளாறு உண்டு. எங்கள் வீடு நெல் அளந்த வீடு. மரக்காலில் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று. நான் எண்ணப் படித்ததே அப்படித்தான். பள்ளியில் பிள்ளைகளை வரிசையில் எண்ணும்போதும் முதல் பையன் எனக்கு லாபம்தான்.

பாக்ஸிங்கில் விதி வேறு. ஆள் விழுந்த உடனே ஒன்று சொல்லக்கூடாது. ஒரு நொடி சும்மா விட்டுவிட்டுத்தான் ஒன்று. நடுவர் பயிற்சி முகாமில் என்னைச் சோதித்தவர், “நீங்க ஒரு செகண்டு முந்துறீங்க” என்றார். ஆள் விழுந்ததும் மனதுக்குள் லாபம் என்று சொல்லி, கையும் சேர்ந்து தட்டியிருக்கிறது.

அந்தக் கோளாற்றை ஒழிக்க முடியவில்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். சும்மா விடவேண்டிய நொடிக்கு லாபம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது. அடுத்ததற்கு ஒன்று, தட்டல். லாபம், ஒன்று, இரண்டு. மாவட்டத்திலும் மாநிலத்திலும் இருநூற்றுப் பதினேழு முறை எண்ணியிருக்கிறேன். தவறியதில்லை. ஆனால் அத்தனையிலும் என் கண் ஸ்டாப்வாட்ச்சில் இருந்தது. இந்த முறை அந்தப் பல் காப்பைப் பார்த்துவிட்டது.

4. புகார்

அது காலிறுதி. ஜெயித்தவருக்கு வெண்கலமாவது உறுதி. தோற்றவர் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டும். நீல மூலைக்காரர் ஒரு சின்னத் தீவு நாட்டுக்காரர். அந்த நாட்டிலிருந்து பாக்ஸிங்குக்கு வந்ததே அவர் ஒருவர்தான். அவருடைய பயிற்சியாளர் எங்கள் மேசைக்கு வந்து, “ஃபாஸ்ட் கவுண்ட்! ஃபாஸ்ட்!” என்று மேசையை இரண்டு முறை அறைந்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

விழுந்தவரை டாக்டர் பார்த்தார். அவர் எழுந்து தண்ணீர் குடித்ததைப் பார்த்த பிறகுதான் என் கவலை என்மேல் திரும்பியது. லாபம் சொன்னது நினைவிருந்தது. இரண்டு சொன்னதும் நினைவிருந்தது. ஒன்று சொன்னேனா?

“ஓய் சேவியரு, நான் லாபத்துக்குத் தட்டுனேனா?”

“கூட்டம் கெடந்து கத்துகு. தட்டுனது எனக்கு எங்க கேட்டு? உம்ம வாய் அசைஞ்சது தெரிஞ்சு.”

“உம்ம கடிகாரத்துல எத்தனை?”

“ஒண்ணு அம்பத்துமூணு. நடுவரு கைய வீசி, நான் பாத்து, பெறவுல்லா மணி அடிச்சேன். அதுல போயி ஒரு செகண்டைத் தேடுனா கெடைக்குமா?”

தேடினேன். பேப்பரில் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நான் ஒரு நொடி முந்தியிருந்தால், அவருக்குக் கிடைக்காமல்போன அந்த நொடியில் முழங்கால் எழுந்திருக்கும்.

புகாரைப் பார்க்க வேண்டியவர் ஷீலா மேடம். கொல்லத்துக்காரர், அந்த அரங்கின் டெக்னிக்கல் பொறுப்பு அவருக்கு. வீடியோவைப் போட்டுப் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்.

“நான் போயி சொல்லிட்டு வாரேன்” என்றேன்.

சேவியர் என் சட்டையைப் பிடித்தார். “என்னத்தச் சொல்லப் போறீரு? வீடியோ இருக்குல்லா? அது சொல்லட்டு. நீரா போயி தலையக் குடுக்காதேயும்.”

“வாட்ச்சை அழுத்தலேன்னு வீடியோல தெரியாது ஓய்.”

“அதத்தான் நானும் சொல்லுகேன்!”

5. மேடத்தின் அறை

பதினாறு படி. ஏறிப் போனேன். ஷீலா மேடம் மூன்று பேரோடு திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தீவு நாட்டுப் பயிற்சியாளரும் இருந்தார்.

“மேடம், நான் கவுண்ட் வாட்ச்சை அழுத்தல. பாக்காமத்தான் எண்ணினேன். அதோட லாபத்துக்கும் தட்டியிருக்கலாம்.”

அவர் முகம் மாறியது. “லாபமோ? ஆர்க்கு லாபம் சாரே?”

புகார் நடக்கிற அறையில் சொல்லக்கூடாத சொல்லைத்தான் சொல்லியிருக்கிறேன். வியர்த்துவிட்டது. நெல், மரக்கால், அப்பா என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதி தமிழ், பாதி மலையாளம். அவர் கேட்டு முடித்து, அதைப் பயிற்சியாளருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். கோபத்தைக் காட்டிலும் ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது.

“சரி. சார் இங்கே நில்லுங்க. ஒன்னிச்சு, எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்” என்றார் மேடம்.

வீடியோவை மெதுவாக ஓடவிட்டார்கள். கீழே ஓரத்தில் நொடியும் அதன் துண்டுகளும் ஓடின. நீல மூலைக்காரர் விழுந்தார். மேசையில் என் கை உயர்ந்தது. திரையில் என் உதடு அசைந்தது. லாபம்.

கை இறங்கவில்லை.

மேலேயே நின்றது. ஒரு மனிதன் காகத்தை ஓட்டக் கை ஓங்கிவிட்டு மறந்துபோனதுபோல நின்றது. பிறகு உதடு மறுபடி அசைந்தது, கை இறங்கியது, நடுவரின் முதல் விரல் நீண்டது. மேடம் நிறுத்திப் படித்தார். விழுந்ததற்கும் முதல் தட்டலுக்கும் இடையில் ஒரு நொடியும் கொஞ்சமும். பத்தாவது தட்டல் வரை ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். நானும் எண்ணினேன். பத்து. எங்கும் முந்தவில்லை.

பயிற்சியாளர் திரும்பப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டார்கள். மூன்றாவது முறை அவரே விரல்விட்டு எண்ணிப் பார்த்து, நாற்காலியில் சாய்ந்தார். கிளம்பும்போது என்னிடம் கை நீட்டினார். கை கொடுக்கும் முன் அவர் வாய் ஏதோ முணுமுணுத்தது. ‘லாபம்’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. படியின் கைப்பிடியில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றேன்.

மேடம் பின்னாலேயே வந்தார். “கவுண்ட் சரி. ரிசல்ட் நிக்கும். பட்சே வாட்ச் அழுத்தாதது தெற்று, தப்பு தான். நாளை முதல் சேவியர் எண்ணட்டு. சார் மணி மட்டும் அடிச்சா மதி, அது போதும்.”

“சரி மேடம்” என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தண்டனை. வாங்கிக்கொண்டு இறங்கும்போது பதினாறு படியும் எட்டு படிபோல இருந்தது.

கீழே சேவியர் இரண்டு டீயோடு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ எண்ணிக்கை எனக்கு, மணி உமக்கா? கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு! எனக்கு இனி லாபமும் இல்ல, நட்டமும் இல்ல ஓய். நான் ஒண்ணுலயிருந்துதான் எண்ணுவேன்.”

மீதி நாட்களில் மணியடித்தேன். ஒரு ஆட்டத்துக்கு மூன்று சுற்று, ஆறு அடி. ஒன்றுகூடத் தவறவில்லை. இறுதிப் போட்டிகளில் யாரும் விழவே இல்லை. அதற்கும் நிம்மதிப்பட்டேன்.

6. இரணியல் ஸ்டேஷன்

ரயில் இரணியலில் அதிக நேரம் நிற்காது. நான் முந்தின ஸ்டேஷனிலிருந்தே எழுந்து வாசலில் நின்றேன். எங்கள் சாமான் மொத்தம் ஐந்து. நான் கீழே இறங்கிக்கொள்ள, சேவியர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

“லாபம்,” என்று முதல் பெட்டியைக் கொடுத்தார். “ரெண்டு. மூணு. நாலு.” தன் கருவாட்டுப் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குதித்தார். “அஞ்சு! சரியா சாரே?”

“சரி” என்றேன். ரயில் கிளம்பிய பிறகு, அவர் பார்க்காதபோது, ஒன்றிலிருந்து திரும்ப எண்ணினேன். ஐந்துதான்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஆள் விழுந்தால் முதலில் வாட்ச்சை அழுத்துங்கள். பல் காப்பைப் பிறகு பார்க்கலாம். அன்று என் கை சரியாக எண்ணியது, உண்மைதான். ஆனால் அதை நான் தெரிந்துகொண்டது வேறு யாரோ எடுத்த வீடியோவில். அது தெரியாமல் மேசைக்கும் அந்த அறைக்கும் இடையில் நான் ஏறிய பதினாறு படியை இன்னொருவர் ஏற வேண்டாம்.