கல்யாண நாள் பூசை

என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோயிருந்தால் கடலைத் திட்டித் தீர்த்திருப்பேன். எத்தனையோ காற்றிலும் மழையிலும் போய்த் திரும்பிய மனுசன், புன்னைக்காயல் கரையில் வலையைக் காயப்போட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நாற்பது வயசுகூட நிறையவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். யாரைத் திட்ட? ஆண்டவரைத்தான் திட்டினேன்.

அடக்கம் முடிந்ததோடு நான் கோயில் படி மிதிக்கவில்லை. சாயங்காலம் மாமி, என் வீட்டுக்காரரைப் பெற்றவள், ஜெபமாலை சொல்ல உட்காருவாள். நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவேன். “எல்லாம் ஆண்டவர் சித்தம்” என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம், “ஒங்க வீட்டுல நடந்திருந்தா இப்படிச் சொல்லுவியளா?” என்று கேட்டு வாயை அடைத்தேன். ஆள் வரத்தே குறைந்தது. தொல்லை விட்டது என்றிருந்தேன்.

அப்போதுதான் உபதேசியார் வந்தார். எந்தப் பூசை யாருக்காக என்று பங்குச் சாமியாரிடம் எடுத்துச் சொல்வது அவர் வேலை. வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தார்.

“வார ஞாயித்துக்கிழமை ஒங்க கல்யாண நாளு வருதும்மா. நன்றிப் பூசைக்குத் தம்பி உசுரோட இருக்கும்போதே சொல்லி வச்சிருந்தாரு. இப்போ… ஆன்ம இளைப்பாற்றிக்குன்னு மாத்திருவமா?”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆங்காரம். “மாத்தாதீங்க. நன்றின்னே வாசிக்கட்டும். எதுக்கு நன்றின்னு ஒங்க ஆண்டவரும் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கட்டும்.”

உபதேசியார் ஓடாத குறையாகப் போனார். மாமி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏளா, எம்புள்ளைய வச்சுக் கோயில்ல நக்கல் பண்ணுதியா? ஊரு சிரிக்காதா?” என்று அழுதாள். அந்த ஒரு பூசைக்கு மட்டும் போவது, பீடத்துக்கு நேரே உட்கார்ந்து ஏன் எடுத்தீர் என்று கேட்பது, அதற்குப் பிறகு ஆண்டவருக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமியும் என்கூடப் பூசைக்கு வந்தாள். அன்றைக்கென்று எங்கள் பங்குச் சாமியார் வெளியூர் போய்விட்டார். பதிலுக்கு வந்தவர் சின்ன வயசுக்காரர், ஊருக்குப் புதுசு. நடந்தது எதையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. பூசை முடிகிற நேரத்தில் சிரித்த முகமாக அழைத்தார்.

“கல்யாண நாள் கொண்டாடுறவங்க ரெண்டு பேரும் முன்னால வாங்க. ஆசீர்வாதம் குடுப்போம்.”

ஐயோ! கோயில் முழுக்க என் பக்கம் திரும்பியது. உபதேசியார் பதறிப்போய் பீடத்தைப் பார்த்து எழுந்தார். ஆண்டவரைக் கேள்வி கேட்க வந்தவள், எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாமி எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள்.

“எந்திரிளா. அவன் நிக்க வேண்டிய எடத்துல நான் நிக்கேன்.”

முழங்கால் வலியோடு என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். இரண்டு பெண்கள் வந்து நிற்பதைப் பார்த்ததும் சாமியாருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அவர் கண் கலங்கியது. ஒன்றும் கேட்காமல் எங்கள் இருவர் தலையிலும் கையை வைத்தார். மாமி சத்தமாகவே ஜெபித்தாள்.

“ஆண்டவரே, ஏன் எடுத்தீருன்னு எனக்கு வெளங்கல. எம்புள்ள ஒம்ம கையிலதான் இருக்கான், அது தெரியும். அவனை இவ்வளவு நாளு தந்தீரே, நன்றி. இவள எங்கிட்ட விட்டு வச்சீரே, அதுக்கும் நன்றி.”

தினமும் பாத்திரத்தை உருட்டிய என்னையா சொல்கிறாள்? என்னைத்தான். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை நான். இவளை விட்டு வைத்தீரே என்று நன்றி சொல்ல எனக்கும் ஒரு ஆள் இருந்தது, பக்கத்திலேயே நின்றது.

ஏன் எடுத்தீர் என்று இப்போதும் கேட்கிறேன். சாயங்காலம் மாமி பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபமாலை முடிந்ததும் கேட்கிறேன். கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவரே என்றால், பதிலும் அவரிடம்தானே இருக்க வேண்டும்? வேறு யாரிடம் போக?

இந்த வருசமும் உபதேசியார் வந்தார், அதே வாசலில் தயங்கித் தயங்கி நின்றார்.

“நன்றிப் பூசைதான் அண்ணாச்சி,” என்றேன். “ஆசீர்வாதத்துக்கு ரெண்டு பேரு வருவோம்னு சாமியார்ட்ட சொல்லிருங்க.”