இருபதுக்குப் பதினாறு

போன வாரம் கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் நல்ல மழை. கையில் குடை இருந்தும் நனைந்தேன். குடை பிடிக்கத் தெரியாதவன் என்று வீட்டில் எனக்கு நெடுநாளாகப் பெயர். கிடைத்த பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். பழைய வண்டி, சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மேலே சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாயை இழுத்துக் கொக்கியில் மாட்டவேண்டும். பக்கத்தில் இருந்தவர் அதை இறக்கிவிட்டதும் அந்த வாசனை வந்தது. ஈரத்துணி, பழைய ரப்பர், கொஞ்சம் டீசல். உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு அது ஜூன் மாதத்து வாசனை, பள்ளிக்கூடம் திறக்கிற வாசனை.

இந்த மலையாள ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேலைத் தத்துவம் நடத்தினேன். இதைச் சொன்னால் கேட்கிறவர் முகத்தில் முதலில் மரியாதை வரும், பின்னாலேயே பரிதாபம் வரும். வலியசாலையில் என் வீட்டில் பரிதாபத்துக்கும் வழியில்லை. "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சந்தேகப்படக் கத்துக் குடுக்கறேள், பால் வாங்கினேளான்னு கேட்டா மட்டும் முழிக்கறேள்" என்பாள் என் மனைவி.

தத்துவத்தைத் தேடி வந்த பிள்ளை என்று எனக்கு யாரும் வாய்த்ததில்லை. விண்ணப்பத்தில் சயன்ஸ், காமர்ஸ் என்று வரிசையாக எழுதி, எதுவும் கிடைக்காதவர்கள் வந்து விழும் இடம் எங்கள் வகுப்பு. முதல் நாள், ஏன் இந்தப் பாடத்தை எடுத்தாய் என்று ஒரு பையனைக் கேட்டேன். "எடுத்ததல்ல சாரே, கிட்டியதாணு" என்றான். எடுக்கவில்லை, கிடைத்தது. உண்மையைச் சொல்கிறேன், அத்தனை வருஷத்தில் நான் கேட்ட தெளிவான தத்துவ வாக்கியங்களில் அது ஒன்று.

ஆனால் விழுந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ருசி பிடித்துவிடும். எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட பிரெஞ்சுக்காரரை நடத்தினால் ஒரு மாதம் யாரும் வீட்டுப்பாடம் எழுதமாட்டார்கள். நேற்று வீட்டுப்பாடம் கொடுத்தது கனவாக இருக்கலாமே சார் என்பார்கள். அவரைவிட எனக்குப் பிடித்தவர், கடமையைக் கட்டிக்கொண்டு அழுத ஜெர்மன்காரர். நீ செய்வதை எல்லோரும் செய்யலாம் என்றால் மட்டும் செய், பொய் சொல்லாதே, உயிர் போனாலும் சொல்லாதே என்பது அவர் கட்சி. அதை நான் நாடகமாகவே நடத்துவேன். உங்கள் தோழி உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறாள், கொலைகாரன் வாசலில் நிற்கிறான் என்று சொல்லி மேசையை டப் டப் என்று தட்டுவேன். உள்ளே இருக்கிறாளா என்று கேட்கிறான், என்ன சொல்வீர்கள்? வகுப்பு மொத்தமும் பொய் சொல்லிவிடும். ஒரு வருஷம் ஒருத்தி மட்டும் எழுந்து, "கதவைத் தொறக்காம இருந்தாப் போதுமல்லோ சார்" என்றாள்.

அவள்தான் செல்வராணி. போனக்காட்டுப் பெண். அப்பா அம்மா இருவருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வாரம் முழுக்க ஊரில் ஹாஸ்டலில் இருப்பாள், வெள்ளிக்கிழமை மலையேறுவாள், திங்கட்கிழமை காலை நேரே பேருந்திலிருந்து வகுப்புக்கு வருவாள், மழைக்காலத்தில் அந்தத் தார்ப்பாய் வாசனையோடு. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்து. நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் கஷ்டம் இல்லை. நகரத்திலுள்ள பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.ஏ. சேரவேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே ஹாஸ்டல் உண்டு. அது கிடைக்காவிட்டால் மலைக்குத் திரும்பவேண்டியதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சாதிக்கக் கூடாது.

பரீட்சை மார்க்கோடு சேர்த்து, பாடத்துக்கு இருபது மார்க் ஆசிரியர் கையில் இருந்தது. செமினார் நடத்தி, அசைன்மெண்ட் பார்த்துப் போடவேண்டிய மார்க். யார் நடத்தினார்கள், யார் பார்த்தார்கள்? நம் பிள்ளைகளை நாமே ஏன் தோற்கடிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் இருபது போட்டுவிடுவோம். நானும் முப்பத்தொன்பது பேருக்கும் இருபது போட்டேன். செமினார் நடந்த தேதிகூட எழுதியிருந்தேன். அந்தத் தேதியில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்று பின்னால் தெரிந்தது. என் பொய்கள் எப்போதும் கொஞ்சம் அவசரப்பொய்கள்.

அனுப்புவதற்கு முன் பிள்ளைகள் மார்க்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். பட்டியல் பெஞ்சு பெஞ்சாகப் போனது. யாரும் படிக்கவில்லை, போட்டுக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் நின்றுவிட்டது.

"சார், ஒரு காரியம் சொல்லட்டா?" செல்வராணி எழுந்தாள். "எனக்கு செமினாருக்கு மார்க் போட்டிருக்கு. நான் செமினார் எடுக்கலையே."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "போட்டது போட்டாச்சு, கையெழுத்துப் போடும்மா."

"அது செரியில்லல்லோ சார். நீங்கதானே சொன்னீங்க."

முகத்தில் கேலியோ கோபமோ இல்லை. பஸ் சில்லறையில் ஒரு ரூபாய் அதிகம் வந்துவிட்டது என்று கண்டக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நாம் கற்றுக்கொடுத்தது ஒரு பிள்ளைக்காவது உள்ளே போயிருக்கிறதே!

ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். காமர்ஸ் ஆசிரியை தலை தூக்காமலே, "சாரே, வேண்டாத்த பணிக்குப் போகண்டா" என்றார். வேண்டாத வேலைதான். ஆனால் எனக்கு அப்போது வேகம் ஏறியிருந்தது. மறுநாள் சாயங்காலம் அவளுக்கென்று ஒரு செமினார் வைத்தேன். கேட்க நானும் அவள் தோழியும் மட்டும். கடமையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினாள். பாதிவரை நன்றாகப் போனது, பிறகு பயத்தில் குழறிவிட்டாள். அசைன்மெண்டையும் உட்கார்ந்து படித்தேன், முதல் தடவையாக. எல்லாம் கூட்டிப் பதினாறு வந்தது. இருபதை அடித்துப் பதினாறு எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன். அவளும் போட்டாள். மற்ற முப்பத்தெட்டு பேரும் அதற்குள் போட்டுவிட்டார்கள், அவர்களை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். அன்று வீடு வரைக்கும் நடந்தே போனேன், அவ்வளவு பெருமை.

கல்லூரிப் பட்டியல் வந்தபோது மழை தொடங்கிவிட்டது. எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. செல்வராணி பெயர் இல்லை. கடைசியாக இடம் கிடைத்தவளுக்கும் இவளுக்கும் மூன்று மார்க் வித்தியாசம். இதற்கு மேல் கணக்குச் சொல்லத் தேவையில்லை.

கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள், காலடியில் ஹாஸ்டல் பெட்டியும் பாயும். ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"சார்" என்று சிரித்தாள்.

"என்னாலதாம்மா இப்படி ஆச்சு."

"இல்ல சார். எனக்குப் பதினாறு செரியான மார்க்தான். நடுவில மறந்துபோச்சுல்ல." பிறகு, சந்தேகம் கேட்கிற அதே குரலில், "மத்தவங்க எல்லாருக்கும் அப்படித்தான் போடுவீங்கன்னு நெனச்சேன் சார். ஏன் போடல?" என்றாள்.

அவர்களிடம் அன்பாக இருந்தேன், உன்னிடம் மட்டும் உண்மையாக இருந்தேன் என்று சொல்வதா? எல்லோருக்கும் பொருந்தினால்தான் நியாயம் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னவன் நான். "பஸ் வந்துடுச்சு பாரு" என்றேன். வரவில்லை. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை சார், வரட்டும் என்றாள்.

பிறகு நெடுமங்காட்டில் ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவுதான் தெரியும். விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் தத்துவப் பாடம் இல்லை. நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் பிள்ளைகள் குறைவு என்று எடுத்துவிட்டார்கள். எங்கள் வகுப்பறையில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றனவாம். பழைய ஆசிரியர்கள் கூடினால், ஒரு நல்ல பாடம் போச்சே என்று வருத்தப்படுவோம், நானும் சேர்ந்து வருத்தப்படுவேன். ஆனால் என் வகுப்பிலிருந்து அது போனது அதற்கு வெகுமுன்பே. செல்வராணி போன பிறகு பதினோரு வருஷம் பாடம் நடத்தினேன். எல்லோருக்கும் இருபது போட்டேன். அந்த ஜெர்மன்காரர் வரும் அத்தியாயத்துக்கு வந்ததும், இதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்கவில்லை.