மாமாவின் இடுப்பளவு

உடம்பு பெருத்தால் மற்றவர்களுக்குப் பேண்ட் சொல்லிவிடும். பட்டன் மாட்டாது, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும், அப்போதாவது புத்தி வரும். என் அக்காவைக் கட்டிய மாமாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் தையல்காரர். இடுப்பு கொஞ்சம் பிடித்தால் போதும், அன்றைக்கே பின்பக்கத் தையலைப் பிரிப்பார். உள்ளே மடித்து விட்டிருக்கும் மிச்சத் துணியில் கொஞ்சத்தை வெளியே எடுத்து மறுபடி ஓட்டித் தைப்பார். போட்டுப் பார்த்துவிட்டு, "பாத்தியா மாப்ளே, கல்யாணத்தப்போ தைச்ச பேண்ட், இன்னும் சேருது" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் தையலில் மறைத்தார்.

எங்கள் கடை ஒரே அறை. முன்பாதியில் அவருடைய தையல் மெஷின், பின்பாதியில் என் இஸ்திரி மேசை. அவர் தைப்பார், நான் தேய்ப்பேன். அவருடைய பேண்டும் என் மேசைக்குத்தான் வரும். உள்ளே பழைய தையல் ஓடிய தடங்கள் வரிவரியாகத் தெரியும். "மாமா, அடுத்த தடவை பிரிக்கணும்னா பக்கத்து வீட்டு ஜன்னல் திரையைத்தான் கேக்கணும்" என்று கிண்டல் செய்வேன். அவர் என்னைவிடப் பலமாகச் சிரிப்பார். கோபமே வராத மனுஷனோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ரத்தத்தில் சர்க்கரை என்று தெரிந்தது அக்கா அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்ததால். அன்றிலிருந்து அவர் உடம்பு அவளுடைய வேலையாகிவிட்டது. மாத்திரையைப் பொட்டலம் கட்டிச் சட்டைப் பையில் வைத்தாள். மத்தியானம் எனக்குப் போன் செய்து, "போட்டாரா?" என்பாள். நான் திரும்பிப் பார்ப்பேன். மாமா எதிர் பேக்கரியிலிருந்து வந்த கிரீம் பன்னை மென்றபடியே, "போட்டாச்சுன்னு சொல்லு" என்று கையைக் காட்டுவார். "உனக்குப் பயமே இல்லையா மாமா?" என்று கேட்டால், "எனக்கு எதுக்குப் பயம்? உங்க அக்கா பாத்துக்குவா" என்பார். அவளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் முகம்தான் நாளுக்கு நாள் வற்றிப்போனது. தோழிகளோடு நடக்கப் போவதையும் விட்டுவிட்டாள்.

மாமா வெறுங்காலோடுதான் மெஷின் மிதிப்பார். ஒருநாள் கூட்டும்போது தரையில் சிவப்பாகத் தடம் தெரிந்தது. பிடித்துப் பார்த்தால் அவர் வலது உள்ளங்காலில் உடைந்த தையல் ஊசியின் முனை. எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. அதோடுதான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வலிக்கவே இல்ல மாப்ளே" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

வலிக்க வேண்டியது வலிக்கவில்லை என்றால், சர்க்கரையில் கால் மரத்துப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னால் கேட்டால்தானே. முனையைப் பிடுங்கிப் போட்டு, ஒட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கி நாற்றம் வந்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினார், நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள.

டாக்டரம்மா துணியைப் பிரித்துக் காயத்தைப் பார்த்தார். சர்க்கரை இறங்கினால் ஆறும், இறங்காவிட்டால் முதலில் விரல், அப்புறம் பாதம் என்றார்.

"மோட்டார் மெஷினுக்கு ஒரு கால் போதும் டாக்டர்" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

மாமா அக்காவைப் பார்த்தார்.

"காலைல சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு?"

மறுபடியும் அக்காவைப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அவங்க சொல்ல வேண்டாம். கால் யாரோடது? வெட்டணும்னா அவங்க காலையா வெட்டறது?"

அக்கா விசும்ப ஆரம்பித்துவிட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலையில் அக்காவிடம் போய்க் கையை நீட்டினார்.

"மாத்திரை டப்பாவைக் குடு. இனிமே நான் பாத்துக்கறேன்."

"நீங்களா?" என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லில் இத்தனை வருஷமும் இருந்தது.

நானும் நம்பவில்லை. ஆனால் மனுஷன் செய்தார். நாளெல்லாம் ஊசியோடு வாழ்கிறவருக்கு, சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்திக்கொள்ள அவ்வளவு பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "குத்திட்டேனா? குத்திட்டேனா?" என்று என்னைக் கேட்பார். "நீதான் மாமா குத்தணும்" என்பேன். வாடிக்கையாளர்கள் சட்டை போட்டுப் பார்க்கும் கண்ணாடியைத் தினமும் தரையில் சாய்த்து வைத்து, உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மெத்தென்ற செருப்பு வாங்கினார். நடுவில் ஒருநாள் கிரீம் பன் ஜெயித்தது. அதை டாக்டரம்மாவிடம் அவரே போய்ச் சொன்னார். முன்பெல்லாம் என்னைத்தான் பொய் சொல்லச் சொல்வார்.

காயம் மெதுவாக மூடியது. விரலும் தப்பியது, பாதமும் தப்பியது. காயம் ஆறியதும் நடைக்குக் கிளம்பினார். கடைசியாகக் கட்டுப் பிரித்த அன்று, "நீங்களே காப்பாத்திக்கிட்டீங்க" என்றார் டாக்டரம்மா. "நீங்க அன்னிக்குத் திட்டலைன்னா எனக்கு இது என் கால்னே தெரிஞ்சிருக்காதும்மா" என்று மாமா இரண்டு கையையும் கூப்பினார். நானும் மனசுக்குள் கூப்பினேன், அந்த அம்மாவுக்கும் அந்த உடைந்த ஊசிக்கும் சேர்த்து. அது மட்டும் ஏறாமல் இருந்திருந்தால் இவர் இன்னும் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டே போயிருப்பார்.

போன வாரம் மத்தியானம் அக்கா போன் செய்தாள். பழக்கதோஷத்தில், "போட்டுட்டார்க்கா" என்றேன். "அதை யாருடா கேட்டா? நான் நடக்கப் போறேன், சாவி பக்கத்து வீட்ல இருக்கு, அவர்கிட்ட சொல்லிடு" என்றாள். பின்னால் தோழிகளின் சிரிப்புச் சத்தம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் அக்கா எனக்குத் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது.

அன்று மாமா தனக்குப் புதுப் பேண்ட் தைத்து என் மேசையில் போட்டார். இடுப்பளவு நன்றாகக் குறைந்திருந்தது. தையலை அழுத்துவதற்காக உள்பக்கம் திருப்பினேன். தையலை ஒட்டி நறுக்கி, விளிம்பு அடித்திருந்தார். பிரித்துவிடத் துணியே இல்லை.

"என்ன மாமா, துணி பத்தலியா?"

"நிறைய இருந்துச்சு. வெட்டிட்டேன்."

"நாளைக்கு இறுக்குனா என்ன பண்ணுவே?"

"இறுக்கட்டும் மாப்ளே" என்றார், மெஷினுக்கு நூல் கோத்தபடியே. "இறுக்குனாத்தானே எனக்குத் தெரியும்."